விழிவில்லையும் நீர்ப்பகையும்

ஐம்பொறிகளுள் கண்ணுக்குத் தமிழர் அளித்த இடம் தனிச்சிறப்புடையது. அன்பிற்குரியாரைக் 'கண்ணே' என விளிக்கின்றோம். அரிய பொருளைக் 'கண்போல்' காக்கின்றோம். கல்வியைக் கண்ணாகவே வைத்துப் போற்றினார் வள்ளுவப் பெருந்தகை. சித்த மருத்துவ மரபு கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு என வகுத்துரைக்கும். அரபு மொழியில் மருத்துவம் செழித்த காலத்தில், 9ஆம் நூற்றாண்டினரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்து ஆய்வுரைகள் எழுதினார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, ஏறத்தாழ நூற்றுமுப்பது கண்ணோய்களை விளக்கும் 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூலை இயற்றினார்.

இவ்விரு மரபினரும் வெறுங்கண்ணால் நோக்கிக் கண்ணோயை ஆராய்ந்தவர்கள். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஓருயிர், தெளிந்த நீரிலேயே இருந்துகொண்டு கருவிழியை அரிக்கக்கூடும் என்பதை மனிதகுலம் அறிந்து ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. அந்நோய்க்கு 'அகந்தமீபா கருவிழி அழற்சி' என்று பெயர். மேலைநாடுகளில் இது பெரும்பாலும் காண்டாக்ட் லென்ஸ் அணிவோரின் நோய். தமிழகத்திலோ அந்த வில்லையைக் கண்டறியாத உழவரும் தொழிலாளரும் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். இவ்விரு செய்திகளையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நீர் தெளிவாக இருத்தல் வேறு. கண்ணுக்குத் தீங்கற்றதாக இருத்தல் வேறு. நம் கல்லூரிகளில் பயிலும் இளைஞர் பலரும் காண்டாக்ட் லென்ஸை நாடும் இந்நாளில், பாலாற்றங்கரை ஊர்களில் வாழும் நாம் இவ்வுண்மையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கருவிழியின் இயல்பு

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் அமைந்த ஒளி ஊடுருவும் படலமே மருத்துவர் 'கார்னியா' எனவும் நாம் கருவிழி எனவும் வழங்குவது. அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இப்படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். ஆகவே தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்தின் வழியாகக் காற்றிலிருந்தே அது பெறுகின்றது. குருதிக் குழாய் இன்மையால், உடலின் பிற உறுப்புகளைப் போல் நோய்க்கிருமிகளை விரைந்து எதிர்க்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு.

எனினும் இறைவன் படைப்பில் அதற்குக் காவல் இல்லாமல் இல்லை. இமை துடைக்கின்றது, கண்ணீர் கழுவுகின்றது, கருவிழியின் மேலடுக்கு கோட்டைச் சுவர்போல் நிற்கின்றது. அச்சுவரில் ஒரு கீறல் விழுமாயின் பகைவர்க்கு வாயில் திறந்துவிடும். நெல்லின் உமியோ வைக்கோல் துரும்போ மணல் துகளோ தைத்தால் கீறல் உண்டாகும். முறைகேடாக அணிந்த காண்டாக்ட் லென்ஸாலும் நுண்கீறல் உண்டாகும். கருவிழியில் உணர்நரம்புகள் மிக நெருக்கமாக உள்ளமையால் ஆங்குத் தோன்றும் நோய் தாங்கொணா வலியைத் தரும். புண் ஆறிய பின்னும் வெண்தழும்பு நின்றுவிட்டால், கண் இருந்தும் பார்வை இல்லாத நிலை ஏற்படும்.

முள் அமீபா

கல்லூரி உயிரியல் வகுப்பில் நாம் படித்த அமீபா, ஒரே உயிரணுவால் ஆனது. பொய்க்கால்களை நீட்டி நகர்வது. அக்குடும்பத்து உயிர்களுள் ஒன்றே அகந்தமீபா. 'அகந்தா' என்னும் கிரேக்கச் சொல் முள்ளைக் குறிக்கும். இவ்வுயிரணுவின் மேற்புறத்தில் முட்கள் போன்ற நுண்நீட்சிகள் காணப்படுவதால் இப்பெயர் அமைந்தது. நாம் இக்கட்டுரையில் இதனை 'முள் அமீபா' என்றும், காண்டாக்ட் லென்ஸை 'விழிவில்லை' என்றும் வழங்குவோம்.

முள் அமீபா வாழ்வதற்குப் பிற உயிரின் உடல் தேவையில்லை. மண், புழுதி, ஆறு, குளம், கிணறு, குழாய் நீர், நீச்சல் குளம் என எங்கும் தனித்து வாழும். நீரிலுள்ள பாக்டீரியாக்களே அதன் உணவு. அதற்கு இரு நிலைகள் உண்டு. உணவும் ஈரமும் உள்ளபோது இரை தேடி நகரும் நிலை ஒன்று. வறட்சியோ நச்சுப்பொருளோ நெருங்கும்போது, தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பிக்கொண்டு உறங்கும் உறைநிலை மற்றொன்று. உறைநிலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் அது உயிரோடிருக்க வல்லது என ஆய்வாளர் கண்டுள்ளனர். குடிநீரில் கலக்கும் அளவிலான குளோரினால் அந்த உறையை அழிக்க இயலாது. மருந்துகள் பலவும் அச்சுவரின்முன் தோற்றுப்போகின்றன. இந்நோயின் கொடுமைக்கெல்லாம் மூலம் இந்த உறைநிலையே.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் அமீபா வேறு. 2024, 2025ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் மூளைக்காய்ச்சலால் உயிர்கள் மாண்டபோது செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்ட நெக்லேரியா என்னும் அமீபா வேறு. அது மூக்கின் வழியே மூளையை அடைவது. முள் அமீபாவோ கருவிழியைத் தாக்கும்போது பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை, பார்வையைப் பறிக்கும்.

நோய் அறியப்பட்ட வரலாறு

கொழும்பு மாநகரில் பல்லாண்டு பணியாற்றியவரான இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, 1930ஆம் ஆண்டு இலண்டனில் தாம் வளர்த்த ஈஸ்ட் பூஞ்சைகளுக்கிடையே ஓர் அமீபா புகுந்திருக்கக் கண்டார். அதுவே பின்னர் அகந்தமீபா எனப் பெயர் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் கண்ணோயோடு எவரும் தொடர்புபடுத்தவில்லை. 1973இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணையாளர் ஒருவரின் அடிபட்ட கண்ணிலும், 1974இல் இங்கிலாந்திலிருந்து வெளியான மருத்துவ அறிக்கையிலும் இந்நோய் இனங்காணப்பட்டது. தொடக்கத்தில் இது அரிதினும் அரிதான நோயாகவே கருதப்பெற்றது.

நிலைமையை மாற்றியது விழிவில்லை. செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே 1961இல் நீரை உறிஞ்சும் மென்பொருளால் விழிவில்லை செய்து காட்டினார். 1971இல் அமெரிக்க அரசு அதன் விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. கடின வில்லையை அணியத் தயங்கியோரும் மென்வில்லையை விரும்பி ஏற்றனர். அந்நாளில் அதனைக் கழுவும் உப்புநீரைச் சிக்கனம் கருதிப் பலர் வீட்டிலேயே செய்துகொண்டனர். உப்பு மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைப்பதே அம்முறை. தூய்மையாகத் தோன்றிய அந்நீரில் முள் அமீபா குடிகொண்டது. 1989இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று 208 நோயாளரைப் பற்றி ஆராய்ந்தது. அவர்களுள் விவரம் கிடைத்த 189 பேரில் 160 பேர் விழிவில்லை அணிந்தவர்கள். அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து பேர்.

தமிழகம் கூறும் சான்று

இக்காலத்திலேயே தமிழ் மண்ணிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் நிறுவிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பணியாற்றிய எம். சீனிவாசன், சாவித்திரி சர்மா முதலிய அறிஞர்கள், விழிவில்லை அணியாதார்க்கும் முள் அமீபாவால் கருவிழிப் புண் உண்டாவதை 1990இல் மருத்துவ உலகிற்கு அறிவித்தனர்.

அதே மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 284 பேர், அஃதாவது ஏறத்தாழ மூவரில் இருவர், கண்ணில் முன்னர் அடிபட்டவர்கள். ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தவர் 297 பேர். அவர்களுள் பாக்டீரியா மட்டும் கண்டோர் 140 பேர், பூஞ்சை மட்டும் கண்டோர் 139 பேர், இரண்டும் கலந்து கண்டோர் 15 பேர். எஞ்சிய மூவரிடம் முள் அமீபா காணப்பட்டது. திருநெல்வேலியில் 1999 முதல் 2002 வரை 3183 நோயாளரிடையே நிகழ்ந்த ஆய்வும் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவையே காட்டியது.

நூற்றுக்கு ஒருவர்தானே என்று அமைதியுறுதல் தகாது. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டு நிலையைக் கணக்கிட்ட ஆய்வு, ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாகக் கூறிற்று. அவ்வளவு பெரிய தொகையில் நூற்றிலொரு பங்கும் சிறிதன்று.

இந்தியாவில் இந்நோய் கண்டோருள் பெரும்பாலோர் விழிவில்லை அணியாதவர்கள் என்பதால் விழிவில்லை தீங்கற்றது என முடிவு செய்தல் பிழையாகும். அன்றைய சிற்றூர்களில் அதனை அணிந்தோர் மிகச் சிலர். அணிவோர் சிலராயின் அதனால் நோயுறுவோர் எண்ணிக்கையும் சிறிதாகவே இருக்கும். அணிந்தவரைத் தனியே எடுத்துக்கொண்டு நோக்கினால், அணியாதவரைவிட அவர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. விழிவில்லை பரவும் ஊரில் நோயின் முகமும் மாறும். உழவன் வயலில் கண்ட நோயை அவன் மகள் கல்லூரி விடுதியில் காணும் நிலை வரக்கூடும்.

விழிவில்லை செய்யும் வேலை

விழிவில்லை எவ்வாறு அமீபாவுக்குத் துணைசெய்கின்றது? மூன்று வகையில் எனலாம்.

முதலாவது, அது ஊர்தியாகின்றது. நீர் செறிந்த மென்வில்லையின் மேற்பரப்பில் முள் அமீபா எளிதில் ஒட்டிக்கொள்ளும். இமைத்தலும் கண்ணீரும் கழுவிச் செல்லவேண்டிய கிருமியை, வில்லையானது மணிக்கணக்கில் கருவிழியோடு சேர்த்து வைத்திருக்கும். இரண்டாவது, அது வாயில் திறக்கின்றது. நெடுநேரம் அணிவதால் உயிர்வளி குறைந்து கருவிழியின் மேலடுக்கு நலிவுறும், நுண்கீறல்கள் தோன்றும். அவ்விடத்தில் அமீபா பற்றிக்கொள்ளுதல் எளிது. மூன்றாவது, வில்லையை இட்டு வைக்கும் சிறு டப்பி அமீபாவுக்கு உணவுக்கூடமாகின்றது. சரிவரக் கழுவி உலர்த்தப்படாத டப்பியின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் வழுவழுப்பான படலமாகப் படியும். அதனை உண்டு அமீபா பெருகும்.

இம்மூன்றிற்கும் தொடக்கமாய் நிற்பது நீர். வில்லையைக் குழாய் நீரில் அலசுதல், ஈரக்கையோடு எடுத்து அணிதல், அணிந்தபடியே குளித்தல், நீந்துதல் ஆகியவற்றால் அமீபா கண்ணை அடைகின்றது. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை அறிஞர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நாள் அணிந்து எறிந்துவிடும் வில்லையை அணிவோரைவிட, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வில்லையை அணிவோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி. வில்லையோடு உறங்குவதும் குளிப்பதும் அவ்வாய்ப்பைப் பெருக்குவதாக அவ்வாய்வு கண்டது.

நம் ஊர்களும் சேமித்த நீரும்

இங்கிலாந்தில் இந்நோய் அமெரிக்காவைவிட மிகுதியாகக் காணப்பட்டதன் காரணத்தை ஆராய்ந்தோர், அந்நாட்டு வீடுகளின் மேல்தளத்தில் உள்ள நீர்த்தொட்டிகளைச் சுட்டினர். 2004இல் வெளியான ஆய்வொன்றில் நோயாளர் 27 பேரின் இல்லங்களில் குழாய் நீர் சோதிக்கப்பட்டது. 24 இல்லங்களில் தனித்து வாழும் அமீபாக்கள் இருந்தன. 8 இல்லங்களில் முள் அமீபாவே இருந்தது. அவற்றுள் ஆறில், நீரில் கண்ட அமீபாவும் நோயாளரின் கண்ணில் கண்ட அமீபாவும் மரபணுச் சோதனையில் ஒத்திருந்தன. தேங்கி நிற்கும் நீரில் வண்டல் படியும். வண்டலில் பாக்டீரியா வளரும். பாக்டீரியாவை நாடி அமீபா வரும்.

இச்செய்தி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை மக்களாகிய நமக்குப் பொருந்தாதா? பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே கிடக்கின்றது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் புகழ்பெற்ற தீர்ப்பாக வெளிவந்ததை அறிவோம். தோல் கழிவு அமீபாவைத் தோற்றுவிப்பதன்று. இரண்டும் வேறு வேறு கேடுகள். ஆயினும் நீர்த் தட்டுப்பாடு நமக்கு ஒரு பழக்கத்தைத் தந்துவிட்டது. குழாயில் நீர் வரும் நாளில் பிடித்து வைத்தல், லாரி நீரைத் தரைக்கீழ்த் தொட்டியில் நிரப்புதல், அங்கிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுதல், அண்டாவிலும் குடத்திலும் பல நாள் சேமித்தல் என நம் இல்லங்களின் நீர் பெரும்பாலும் தேங்கிய நீரே. கோடை வெயிலில் மாடியில் உள்ள நெகிழித் தொட்டி வெதுவெதுப்பாகின்றது. அது நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏற்ற சூழல். அந்நீர் பாத்திரம் கழுவவும் உடல் கழுவவும் பயன்படலாம். விழிவில்லையை அதனில் தோய்த்தல் ஆகாது.

காய்ச்சிய நீரும் இதற்கு விலக்கன்று. நன்கு கொதித்த நீரில் அமீபா மடியும் என்பது உண்மையே. ஆறவைக்கும் பாத்திரத்திலும் தொடும் கையிலும் அது மீண்டும் சேர்ந்துவிடும். புட்டிகளில் விற்கப்படும் குடிநீர், நீர் சுத்திகரிப்புக் கருவியின் நீர், வீட்டில் கரைத்த உப்புநீர் ஆகிய எதுவும் விழிவில்லைக்கு உரியதன்று.

தோல் தொழிலிடங்களில்

நம் வட்டாரத்தின் வாழ்வு தோலோடு பிணைந்தது. தோல் பதனிடும் ஆலைகளில் மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. தோலைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவில் நுண்தூள் பறக்கின்றது. காலணி ஆலைகளில் ஆயிரக்கணக்கான நம் பெண்மக்கள் பசையின் ஆவிக்கிடையே பணிபுரிகின்றனர். தூளும் ஆவியும் உள்ள இடத்தில் விழிவில்லையைத் தவிர்த்து மூக்குக்கண்ணாடியும் அதன்மேல் காப்புக் கண்ணாடியும் அணிதலே நலம்.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூறவேண்டும். சுண்ணாம்போ வேறு வேதிப்பொருளோ கண்ணில் தெறித்துவிட்டால், அமீபாவுக்கு அஞ்சி நீரைத் தவிர்த்தல் பெருந்தவறு. காரப்பொருள் நொடிக்கு நொடி கண்ணுக்குள் ஆழ்ந்து செல்லும். கிடைக்கும் நல்ல நீரைக்கொண்டு உடனே இமைகளை விரித்துப் பிடித்துக் குறைந்தது கால்மணி நேரமேனும் இடைவிடாது கழுவுதல் வேண்டும். வில்லை அணிந்திருப்பின் கழுவும்போதே அதனை எடுத்துவிடல் வேண்டும். பின்னர் தாழ்க்காது மருத்துவரை அடைதல் வேண்டும். அமீபா நாள்கணக்கில் கெடுக்கும். சுண்ணாம்பு நிமிடக்கணக்கில் கெடுக்கும்.

தூசு விழுந்தால் நாக்கால் எடுத்தல், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ இலைச்சாறோ விடுதல் ஆகிய பழக்கங்கள் இன்னும் முற்றாக மறையவில்லை. கீறலுற்ற கருவிழியில் இவை கிருமிகளுக்கு வழிவகுப்பன என்பதை மூத்தோர் இளையோர்க்கு எடுத்துரைத்தல் நன்று.

உளூவும் விழிவில்லையும்

நாள்தோறும் ஐவேளைத் தொழுகைக்காக உளூச் செய்யும் மாணவர், விழிவில்லையோடு முகம் கழுவலாமா என வினவுவது இயல்பே. முகத்தைக் கழுவுதல் உளூவின் கடமை. கண்ணின் உட்புறத்தைக் கழுவுதல் கடமையன்று என மார்க்கச் சட்ட அறிஞர் தெளிவுறுத்தியுள்ளனர். ஆகவே முகத்தில் நீர் படும்போது கண்களை இறுக்காமல் மெல்ல மூடிக்கொள்வதும், இமைகளைத் தூய துணியால் ஒற்றிய பின்னர் கண் திறப்பதும் போதிய பாதுகாப்பைத் தரும். உளூச் செய்து கைகளை உலர்த்திய பின்னர் வில்லை அணிதல் இன்னும் நன்று. பயணத்திலும் விடுதியிலும் இவ்வளவு பேணுதல் அரிதெனக் கருதுவோர்க்கு மூக்குக்கண்ணாடியே சாலச் சிறந்தது. பள்ளிவாசல் நீர்த்தடாகத்தையும் மாடித் தொட்டியையும் குறித்த காலத்தில் இறைத்து, பாசி நீக்கி, உலர்த்தி நிரப்புதல் அனைவர்க்கும் நன்மை பயக்கும்.

மணவிழாக்களில் அழகுக்காக நிறவில்லை அணியும் வழக்கமும் இன்று பெருகிவருகின்றது. மருத்துவர் அளவு பாராமல் வாங்கிய வில்லையை அக்காள் அணிந்து தங்கைக்கும் தோழிக்கும் கொடுப்பதும் உண்டு. ஒருவர் கண்ணில் இருந்த வில்லை மற்றொருவர் கண்ணுக்கு ஒருபோதும் ஆகாது.

அறிகுறியும் ஆய்வும் மருத்துவமும்

இந்நோய் பெரும்பாலும் ஒரு கண்ணிலேயே தோன்றும். கண் சிவக்கும்; நீர் வடியும்; ஒளியைக் காணக் கூசும்; மணல் உறுத்துவதுபோல் இருக்கும்; பார்வை மங்கும். மருத்துவர் காணும் புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும்வலி இதன் சிறப்பு அடையாளம். நாள் செல்லச் செல்லக் கருவிழியில் வளையம்போன்ற வெண்படிவு தோன்றும். இந்த வளையம் தோன்றும்வரை காத்திருத்தல் கூடாது. தொடக்கத்தில் இது ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸ் நோயை ஒத்திருப்பதால் மருத்துவரும் மயங்க இடமுண்டு.

சாதாரணக் கண்வலி என்று எண்ணி மருந்துக்கடையில் தாமாகவே சொட்டுமருந்து வாங்குவோர் நம்மிடையே பலர். அவற்றுள் ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பையும் வலியையும் சிறிது தணிக்கும். நோய் தீர்ந்ததுபோல் தோன்றும். உள்ளேயோ அமீபா தங்குதடையின்றிப் பெருகும். மருத்துவர் எழுதாத சொட்டுமருந்தைக் கண்ணில் இடலாகாது என்பதற்கு இந்நோயினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

நோயைக் கண்டறியும் அடிப்படை முறை எளியதே. கண்ணை மரக்கச்செய்து, புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இட்டு நுண்ணோக்கியில் காண்பர். இரட்டைச் சுவர் கொண்ட உறை தென்பட்டால் பகைவன் அகப்பட்டான். ஊட்டமற்ற அகர்க் கூழின்மேல் ஈ. கோலை பாக்டீரியாவைப் பரப்பி, அதன்மீது இச்சுரண்டலை இட்டு வளர்ப்பதும் உண்டு. பாக்டீரியாவைத் தின்றபடி அமீபா ஊர்ந்து சென்ற தடம் அக்கூழின்மேல் தெரியும். விழிவில்லை அணிபவர் தம் வில்லையையும் டப்பியையும் எறிந்துவிடாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்வாராயின் அவற்றையும் சோதிக்க இயலும்.

1985இல் இங்கிலாந்து மருத்துவர் புரோப்பமிடின் என்னும் மருந்தால் இந்நோயை முதன்முதலில் குணப்படுத்தினர். 1992 முதல் பாலிஹெக்சாமெத்திலீன் பைகுவனைடு என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. நீச்சல் குளத்தைத் தூய்மைசெய்யப் பயன்பட்ட பொருளே நீர்த்த வடிவில் கண்மருந்தாயிற்று. குளோர்ஹெக்சிடினும் பயன்படுகின்றது. தொடக்கத்தில் இரவுபகல் பாராது மணிக்கொருமுறை மருந்து இடல் வேண்டும். பின்னர்ப் பல மாதங்கள் தொடர்தல் வேண்டும். உறைநிலை அமீபா எஞ்சினால் நோய் மீளும். அண்மையில் ஐரோப்பாவில் முறைப்படி நிகழ்ந்த ஆய்வில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் மருந்தாலேயே குணமடைந்தனர். 2024இல் அம்மருந்திற்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் அளித்தது. காலத்தே வந்தவர்க்கே இந்நற்பேறு மிகுதியும் கிட்டும். தழும்பு நிலைத்துவிட்டால் கொடையாகப் பெற்ற கருவிழியைப் பொருத்தும் அறுவை மருத்துவம் தேவைப்படும். நாட்டிற்கு வழிகாட்டியாகக் கண் வங்கி 1945இல் சென்னையில் தோன்றியது நமக்குப் பெருமை. ஆயினும் அமீபா அழியும்முன் பொருத்திய கருவிழியையும் அது தாக்கக்கூடும்.

மருத்துவத்திற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1902இல் தொடங்கிய ஷெல் மருத்துவமனை, இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாக விளங்குகின்றது. சென்னை எழும்பூரில் 1819இல் தோன்றிய அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அருகிலேயே வழியிருக்க, காலம் தாழ்த்திப் பார்வையை இழத்தல் வருந்தத்தக்கது.

காக்கும் நெறிகள்

விழிவில்லை அணிவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளைத் தொகுத்துரைப்போம்.

1. கண் மருத்துவர் அளவு பார்த்து எழுதிய வில்லையையே அணிக. இயலுமாயின் ஒரு நாள் வில்லையைத் தேர்க.
2. வில்லையைத் தொடுமுன் சோப்பால் கைகழுவித் தூய துணியால் ஈரம் போகத் துடைக்க. ஈரக்கை கூடாது.
3. வில்லையையும் டப்பியையும் அதற்குரிய கரைசலாலன்றி வேறெதனாலும் கழுவற்க. எச்சிலால் நனைத்தல் அறவே ஆகாது.
4. ஒவ்வொரு நாளும் பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுக. பழையதன்மேல் புதியதைச் சேர்க்கற்க. கரைசல் 'தேய்க்க வேண்டாதது' என விளம்பரப்படுத்தப்பட்டாலும் வில்லையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தே கழுவுக.
5. டப்பியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து உலர்த்துக. மூன்று திங்களுக்கு ஒருமுறை புதியதை வாங்குக.
6. வில்லையோடு உறங்கற்க, குளிக்கற்க. கிணற்றிலோ ஏரியிலோ நீச்சல் குளத்திலோ ஜலகம்பாறை போன்ற அருவியிலோ நீராடுமுன் கழற்றிவிடுக.
7. கண் சிவந்தாலோ வலித்தாலோ கூசினாலோ உடனே கழற்றுக. ஒரு நாளில் தணியாவிடின் கண் மருத்துவரைக் கண்டு, தாம் வில்லை அணிபவர் என்பதைத் தவறாது கூறுக.

முடிவுரை

விழிவில்லை அறிவியல் அளித்த நற்கொடை. அதனை வெறுத்தொதுக்குமாறு இக்கட்டுரை கூறவில்லை. பல கோடி மக்கள் தீங்கின்றி அதனை அணிந்துவருகின்றனர். நெறியோடு அணிபவர் அச்சமின்றி அணியலாம். இந்நோய் அரிது, ஆனால் வந்தபின் தீர்ப்பது கடினம், வருமுன் தடுப்பதோ மிக எளிது. உலர்ந்த கையும், உரிய கரைசலும், நீரிலிருந்து விலக்கி வைத்த வில்லையும் போதும்.

இதில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்குண்டு. கண்ணாடி அணியக் கூச்சப்பட்டு, வீட்டாரறியாமல் விழிவில்லை வாங்கும் மாணவியர் அதனைக் கழுவும் முறையையும் ஒருவரிடமும் கேட்பதில்லை. ஆசிரியர் அன்போடு வினவினால் அவர்கள் கூறுவர். விடுதிப் பொறுப்பாளர் தொட்டிகளைத் தூய்மை செய்வித்தல் வேண்டும். ஆலை உரிமையாளர் காப்புக் கண்ணாடியும் கண் கழுவும் நீர்க்குழாயும் அமைத்துத் தரல் வேண்டும். ஊர்ப் பெரியோர், கண்வலி என்று வருபவரிடம் கைமருந்து கூறாமல் மருத்துவமனைக்கு வழிகாட்டுதல் வேண்டும். மாணவர் இச்செய்தியைத் தம் இல்லத்தார்க்குத் தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். ஆய்விதழ்களில் ஆங்கிலத்தில் துயிலும் அறிவை, அதற்குரிய மக்களின் மொழியில் கொண்டு சேர்ப்பதும் தமிழ்த்துறையின் தொண்டே எனக் கருதுகின்றோம்.